உழவு இயந்திரத்தின் மூக்கில் ஒரு புல்வெட்டி

தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்குப் புல்லைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம் இது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால், இன்று வெட்டிய இடத்தில் மூன்று வாரத்தில் முழங்கால் உயரம் நிற்கும். விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்கள் காலில் அட்டையுடன் திரும்புவதும், புல்லுக்குள் பாம்பை மிதித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் எமக்குப் புதிய கதைகள் அல்ல.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறிய வேண்டுகோள். எமது பகுதியிலுள்ள இளைஞர் குழு ஒன்று பழைய இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறது. கையால் தள்ளிச் செல்லும் பெற்றோல் புல்வெட்டி ஒன்றும் அவர்களிடம் உண்டு. அந்தப் புல்வெட்டியை, அதன் சொந்த எஞ்சினுடனேயே, உழவு இயந்திரத்தின் முன்புறத்தில் பூட்டி, பாடசாலை மைதானம், கோவில் முற்றம், தோட்டத்து வீதியோரம், ஆற்றங்கரைத் தென்னங்காணி ஆகியவற்றைக் கொந்தரப்புக்கு எடுத்து வெட்டலாம் என்பது அவர்களுடைய திட்டம். வெல்டிங் வேலைக்கும் சில பாகங்களுக்கும் சங்கத்தில் கடன் கேட்கிறார்கள். பெரியவர்கள் சிலர், “மெசின் வந்தால் எங்கள் பேர் போய்விடும்” என்று எதிர்க்கிறார்கள். வேறு சிலர், “இரண்டு எஞ்சினை ஒன்றாகப் பூட்டுவது பைத்தியக்காரத்தனம்” என்கிறார்கள். கடன் குழுவில் இருக்கும் ஒருவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். வாயால் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லதென்று பட்டது.

இந்தப் புல்லோடு நாம் நடத்திவந்த யுத்தத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் இறப்பர் மலைகளில் ஒரு புல்கூட நிற்கக்கூடாது என்பது சட்டம் போல இருந்தது. சுரண்டியாலும் மம்பட்டியாலும் நிலத்தை வழித்தெடுத்தார்கள். மலை பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. மேல்மண் மட்டும் மழையோடு களனி ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகுதான் புவரேரியா போன்ற மூடுபயிர்களைப் போடத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னர் களைகொல்லி வந்தது. பத்துப் பெண்கள் ஒரு வாரம் செய்த வேலையை இரண்டு ஆண்கள் முதுகில் டாங்கியைச் சுமந்து ஒரே நாளில் முடித்தார்கள். ‘பேர் போகும்’ என்று இன்று பயப்படுகிறோமே, அந்தப் பேர்களில் பெரும்பகுதி எப்போதோ போய்விட்டது. அதைப் போக்கியது உழவு இயந்திரம் அல்ல, போத்தலில் வந்த மருந்து.

2015இல் கிளைபோசேற்று இறக்குமதி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தோடு சேர்த்து விவசாய இரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் கதவு அடைக்கப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2022இல் கிளைபோசேற்றுத் தடையும் நீங்கியது. இந்தத் தடைக் காலங்களில்தான் தோளில் மாட்டும் புல்வெட்டும் மெசின் எமது தோட்டங்களில் பரவியது. மருந்து திரும்பி வந்த பின்னும் அது போகவில்லை.

அந்தத் தோள் மெசினைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. எரிபொருளோடு ஏழெட்டுக் கிலோ பாரம். அதைச் சுமந்து ஆறு மணித்தியாலம் சரிவில் நிற்கிறவரின் காதுக்குப் பக்கத்தில் எஞ்சின் அலறுகிறது. நாள் முழுதும் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நின்றால் செவிப்புலன் கெடும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. இந்த மெசின்கள் அதைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. கைப்பிடியின் அதிர்வு விரல் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்கும். விரல் மரத்துப்போகிறது, குளிரில் வெளிறுகிறது என்று முப்பது வயதுக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அதை வாதம் என்கிறார்கள். ஆகவே எஞ்சினைத் தோளிலிருந்து இறக்கிச் சில்லின் மேல் வைக்கும் எந்த முயற்சியையும் நான் எடுத்த எடுப்பில் எதிர்க்க மாட்டேன்.

ஏன் முன்னால் பூட்ட வேண்டும் என்று கேட்கலாம். காரணம் எளிது. பின்னால் பூட்டினால் சில்லு முதலில் புல்லின் மேல் ஏறிவிடும். ஈரப்புல் படுத்துவிட்டால் வெட்டுத் தகடு அதன் மேலாகப் போகும். மறுநாள் புல் எழுந்து நிற்கும். முன்னால் இருந்தால் நிற்கும் புல்லைத் தகடு முதலில் சந்திக்கிறது. இது எமது இளைஞர்களின் புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்தில் 1930களிலேயே ‘அலன் சைத்’ என்ற நடந்து ஓட்டும் இயந்திரம் முன்னால் பல்லுக் கத்தியோடு வந்தது. இத்தாலியில் 1943இல் தொடங்கப்பட்ட பி.சி.எஸ். கம்பனி இதே முறையில் செய்த இயந்திரங்களை ஆல்ப்ஸ் மலை விவசாயிகள் வைக்கோலுக்குப் புல்லறுக்கப் பயன்படுத்துகிறார்கள். நெல்லுக்கும் இது வந்தது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சீன நிபுணர்களும் 1980களின் தொடக்கத்தில் சேர்ந்து, இரு சில்லு உழவு இயந்திரத்தின் முன்னால் பூட்டும் ஒரு மீற்றர் அகல அறுவடைக் கருவியை உருவாக்கினார்கள்.

ஆனால் இவை எல்லாம் உழவு இயந்திரத்தின் சக்தியையே வாங்கிக்கொண்டு வெட்டுபவை. எமது இளைஞர்களின் யோசனையில் புல்வெட்டிக்குத் தனி எஞ்சின். இதில் ஒரு நல்ல பக்கம் உண்டு. உழவு இயந்திரத்திலிருந்து முன்னுக்குச் சக்தி கொண்டுபோக வேண்டுமானால் இன்னொரு கப்பி, பெல்ட், கிளச்சு என்று செலவு ஏறும். அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த கராச்சும் வேண்டும். மேலும், எஞ்சினைத் தணித்து மெதுவாகப் போனால் தகடும் மெதுவாகச் சுற்றும். அடர்ந்த புல்லில்தான் மெதுவாகப் போகவேண்டும், அங்கேதான் தகடு வேகமாகவும் சுற்றவேண்டும். தனி எஞ்சின் இருந்தால் உழவு இயந்திரம் ஆமை வேகத்தில் நகர்ந்தாலும் தகடு முழு வேகத்தில் சுற்றும். மறுநாள் பூட்டைக் கழற்றிவிட்டு டிரெயிலரை மாட்டி விறகோ உரமோ ஏற்றலாம். மோசமான பக்கம், டீசல் ஒன்றுக்கும் பெற்றோல் ஒன்றுக்குமாக இரண்டு எஞ்சினைப் பராமரிக்க வேண்டும். 2022 ஜூன் மாதம் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் இரவு பகலாக வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இனி என் மனதை அதிகம் உறுத்திய விடயத்துக்கு வருகிறேன்.

இளைஞர்கள் காட்டிய படத்தில் இரண்டு ஆங்கிள் இரும்புகளைப் புல்வெட்டியின் உடலில் வெல்ட் பண்ணி, மறுமுனையை உழவு இயந்திரத்தின் முன் சட்டத்தில் போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். புல்வெட்டி அந்தரத்தில் தொங்குகிறது. இது தவறு. கணக்கைப் பாருங்கள். புல்வெட்டி 40 கிலோ. அதன் பாரம் சில்லின் அச்சிலிருந்து ஒரு மீற்றர் முன்னால் விழுகிறது. ஓட்டுபவரின் கைப்பிடி அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் பின்னால் இருக்கிறது. மூக்கு நிலத்தில் குத்தாமல் இருக்க அவர் கைப்பிடியை ஏறத்தாழ 27 கிலோ பாரத்துடன் நாள் முழுதும் அழுத்திக்கொண்டே நடக்க வேண்டும். தோளில் எட்டுக் கிலோவை இறக்கிவிட்டுக் கையில் இருபத்தேழு கிலோவை ஏற்றுவது என்ன முன்னேற்றம்?

புல்வெட்டி தன் பாரத்தைத் தன் சில்லுகளிலேயே தாங்க வேண்டும். உழவு இயந்திரம் அதைத் தள்ளினால் மட்டும் போதும். இரண்டுக்கும் இடையில் பிணைச்சல் வேண்டும். கதவுக்குப் போடும் பிணைச்சலின் தத்துவம்தான். இரும்பு மட்டும் தடிப்பாக இருக்க வேண்டும். நிலம் ஏறும்போது புல்வெட்டி தானாக ஏறும், இறங்கும்போது இறங்கும். புல்வெட்டியின் முன் சில்லுகள் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியவையாக இருந்தால், வளைவில் இழுபட்டு உடையாது. கல்லில் மோதினால் முதலில் முறியட்டும் என்று ஒரு மெல்லிய ஆணியைப் பூட்டில் வைப்பதும் நல்லது. ஐம்பது ரூபா ஆணி முறிவது, பூட்டே வளைவதைவிட மேல்.

அடுத்தது நிறுத்தும் சுவிச். தள்ளும் புல்வெட்டிகள் பலவற்றின் கைப்பிடியில் ஒரு கம்பி இருக்கும். கையை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். முன்னால் பூட்டும்போது அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடுகிறார்கள். அந்தக் கம்பி எஞ்சினை ஓடவிடாமல் தடுக்கும் என்பதால், அதை ஒரு துண்டுக் கயிற்றால் நிரந்தரமாகக் கட்டிவிடுகிறார்கள். இப்போது ஓட்டுபவர் இரண்டு மீற்றருக்கு மேல் பின்னால் நிற்கிறார். அவர் கையில் உழவு இயந்திரத்தின் கிளச்சு மட்டுமே இருக்கிறது. ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் அவர் உழவு இயந்திரத்தை நிறுத்துவார். தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். புல் அடைத்துக்கொண்டது என்று குனிந்து கையால் இழுப்பார். உழவு இயந்திரம் நிற்கிறதே என்ற நினைப்பில். விரல் போகும் இடம் இதுதான்.

ஐம்பது சென்ரிமீற்றர் நீளத் தகடு நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில், பாதுகாப்புத் தகடு கழற்றப்பட்ட புல்வெட்டி ஒன்று முற்றத்துக் கல்லொன்றை எடுத்து எறிந்தது. கல் முப்பது யார் தூரத்திலிருந்த பிள்ளைக்காம்பராவின் தகரத்தைத் துளைத்தது. உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆயா மட்டும் அன்று முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தகரத்தின் துளையை நானும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆகவே இரண்டு எஞ்சினும் ஒரே கையசைவில் நிற்க வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை. பெற்றோல் எஞ்சினுக்கு, அதன் பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை நிலத்துக்கு வழிதிருப்பும் ஒரு வயரும், உழவு இயந்திரக் கைப்பிடியில் ஒரு சுவிச்சும் இருந்தால் போதும்; பிளக் இல்லாத டீசல் எஞ்சினுக்கு எரிபொருளை அடைக்கும் ஏற்பாடும் கூடவே வேண்டும். ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டால் அந்தச் சுவிச் விழ வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு. முன்புறமும் பக்கமும் பழைய டயர்த் துண்டுகளைத் திரைபோலத் தொங்கவிட்டால் பறக்கும் கற்களில் பெரும்பாலானவை அதிலேயே விழுந்துவிடும்.

தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமது லயங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குப் புல் களை அல்ல. அது பால் காசு. மருந்து அடித்த புல்லை மாட்டுக்குப் போட முடியாது. சுற்றும் தகடு வெட்டிய புல்லும் சிதைந்து, மண்ணும் கல்லும் கலந்து கிடக்கும். மாடு முகர்ந்துவிட்டு விலகும். ஆனால் தலைமயிர் வெட்டும் மெசின் போல இருபக்கமும் ஆடும் பல்லுக் கத்தி, புல்லை அடியில் அறுத்து அப்படியே சாய்த்துவிடும். அதை அள்ளிக் கட்டாகக் கட்டலாம். கல்லையும் அது எறியாது. விலை கூடுதல், பல்லுத் தீட்டும் வேலையும் அதிகம். இருந்தாலும் அரை மீற்றர் தகடு மணிக்கு மூன்று கிலோமீற்றர் நடையில் ஓர் ஏக்கரை முடிக்க, திரும்பும் நேரத்தையும் சேர்த்து, நாலு மணித்தியாலம் எடுக்கும். ஒரு மீற்றர்க் கத்தி அதைப் பாதியாக்கும். குழு முதலில் தன்னிடமுள்ள புல்வெட்டியை வைத்துத் தொடங்கட்டும். கொந்தரப்பு நிலைத்தால் இரண்டாவது வருடம் பல்லுக் கத்தியை யோசிக்கலாம்.

எங்கே ஓட்டக்கூடாது என்பதிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மட்டமான இடத்துக்குத்தான் இது. இறப்பர் மலைச் சரிவிலும் தேயிலை மலையிலும் இது ஏறக்கூடாது. மூன்றரை மீற்றர் நீளமான இந்தச் சோடியைப் பால் மரங்களுக்கிடையே திருப்பவே முடியாது. கான் விளிம்புகளில் சில்லு ஏறினால் கான் இடியும். கான் இடிந்தால் மழைத்தண்ணீர் தனக்கொரு வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். 2016 மே 17ஆம் திகதி இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்து மக்களை மூடியது. அதற்குப் பெருமழை உட்படக் காரணங்கள் பல. உழவு இயந்திரம் அதில் இல்லை. ஆனால் சரிவில் தண்ணீர் போகும் வழியோடு விளையாடக்கூடாது என்பதை அறிய அதற்குமேல் எமக்குச் சாட்சி வேண்டுமா? சரிவிலே தோள் மெசினும் கைக்கத்தியும் தொடரட்டும். ஆனால் காது மூடியும் கையுறையும் கொடுத்து, நேரத்தைக் குறைத்து.

இந்த இடத்தில் எமது நாட்டவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கைப்பிடி உழவு இயந்திரம் எதைக் கண்டாலும் ‘லேண்ட்மாஸ்டர்’ என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். இங்கிலாந்திலே தயாரான அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் 1950களில் பெரும் பங்கெடுத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து 2010இல் காலமானவர். தான் விவசாயத்தை இயந்திரமயமாக்கவில்லை, எருமையைத்தான் இயந்திரமாக்கினேன் என்ற கருத்தைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். எருமை புல்லைத் தின்று எருவும் கன்றும் தரும். இயந்திரம் டீசலைக் குடித்துப் புகையைத்தான் தரும். பிற்காலத்தில் அவர் நைஜீரியாவின் இபதான் ஆராய்ச்சி நிலையத்திலும் இங்கேயும், நிலத்தை உழாமல், சரிவுகளில் கிளிரிசீடியா வேலிகளை வளர்த்து மண்ணைக் காக்கும் முறைகளில் உழைத்தார். தான் பெற்ற பிள்ளையைத் தானே குறை சொல்லும் துணிவு எல்லாப் பொறியியலாளருக்கும் வருவதில்லை. அவருடைய கேள்வியை எமது இளைஞர்களிடமும் கேட்டேன்: நீங்கள் எதை இயந்திரமாக்கப் போகிறீர்கள்? ஒருவன் உடனே சொன்னான், “எங்கள் அப்பாவின் தோளை.” அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

கடைசியாகப் பேர் விடயம். பெரியவர்களின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நாட்சம்பளம் கூடியபோது, தோட்டங்கள் ஆள்நாளைக் குறைக்கப் பார்த்ததையும் நாம் கண்டோம். இந்த இயந்திரம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தால், அது வீதியோரப் புல்வெட்டில் இருக்கும் நாலு பேரைக் குறைக்கும், சந்தேகமில்லை. குழுவின் கையில் இருந்தால் அந்த வேலை கொந்தரப்பாக அவர்களிடமே வரும். அதனால்தான் கடன் தனி ஒருவர் பெயரில் போகக்கூடாது, குழுவின் பெயரில் போகவேண்டும் என்கிறேன். குழுவின் பட்டியலில் பதினொரு பெயர் இருக்கிறது. ஒன்றுகூடப் பெண்ணின் பெயர் இல்லை. களைகொல்லி வந்தபோது பெண்களின் சுரண்டி போனது, வேலை ஆண்களுக்குப் போனது. தோள் மெசின் வந்தபோதும் அப்படியே. இந்த இயந்திரத்தை, பாரத்தைத் தன் சில்லிலேயே தாங்கும்படி செய்தால், ஓட்டுவதற்குப் பெரிய உடல் பலம் வேண்டியதில்லை. நாலு பெண்களையாவது சேர்த்து ஓட்டப் பழக்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பை நான் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு யோசனையும் கொடுத்தேன். பூட்டை வெல்ட் பண்ணுவதற்கு முன் படத்தை மகா இலுப்பள்ளமவிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிக் கேட்கலாம்; ஒரு கடிதச் செலவுதான்.

மனு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறது. கூட்டத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் இயந்திரத்தைப் பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஆற்று மணல் கலந்த அந்த மைதானத்தில் ஒரு சுற்று வெட்டிக் காட்ட வேண்டும். நடுவில் நான் கையைத் தூக்கியதும் ஓட்டுபவர் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றால் என் கையெழுத்து தயார். நிற்காவிட்டால், அந்தக் கயிற்றையும் சுவிச்சையும் பூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடியும் வரட்டும்.